சோயாக் கட்டியும் வெள்ளித்தாள் சீஸும்

சீஸ் என்ற ஒன்றைப் பிறந்ததிலிருந்து பார்த்திராத இருபத்தேழு பெண்களை உட்காரவைத்து, "சீஸைவிட நல்லது ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்று பேசியதுதான் என் உத்தியோகத்தின் முதல் சாதனை. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதை தீர்ந்ததும் ஒருத்தி கேட்டாள், "அந்தச் சீசு எங்கிட்டு மிஸ் இருக்கு?"

அது எண்பதுகளின் தொடக்கம். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணிநேரம் மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் குடும்பநல உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பது, கர்ப்பிணிகளின் பட்டியலை வைத்திருப்பது, கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குச் சத்துணவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தோட்டத்தில் ஒரு சின்ன குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற எண்ணமும், அதைச் சட்டென்று செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரமும், யாராவது குறுக்கே பேசினால் முகம் சிவக்கும் குணமும் எனக்கு நிறையவே இருந்தன.

நான் சைவம். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். ஹட்டனில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் கருவாட்டு வாசனை வந்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் அம்மா ஜன்னலைச் சாத்துவார். தோட்டத்தில் அநேகமாக எல்லோரும் கிடைத்தால் கருவாடு, திருவிழாவுக்கு ஆட்டுக்கறி என்று இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவில் சைவமாக இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு நான் ஒன்றும் கஷ்டப்படவில்லை, பிறந்த வீட்டில் கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி நடந்தேன்.

இனி என் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாண் என்கிற ரொட்டிக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். சீஸ் என்பது எங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் எலி தின்னும் ஒரு பொருள். அதற்கு மேல் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆட்சி மாறி வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கியதும் ஹட்டன் கடைகளில் ஒரு வட்டப் பெட்டி வந்து உட்கார்ந்தது. திறந்தால் உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய எட்டு முக்கோணங்கள். எலி தின்பதை மனுஷி தின்றால் என்ன என்று ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அன்றோடு நான் தொலைந்தேன். மூடிய அறையில் ஒரு முக்கோணத்தை நாக்கில் வைத்து, அது கரைந்து முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். பால்தானே, சைவம்தானே என்று மனசாட்சியும் கூடவே சப்புக்கொட்டும்.

வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களை நுவரெலியாவுக்குக் கூப்பிட்டு மூன்று நாள் சோயாப் பயிற்சி கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அம்மையார் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். சோயாவில் பால் எடுக்கலாம், அந்தப் பாலைத் திரித்துச் சீஸ் செய்யலாம். உண்மையான சீஸில் கொழுப்பும் உப்பும் அதிகம், சோயாச் சீஸில் இரண்டும் குறைவு, ஆகவே சைவ உணவுக்காரர்களுக்கு இதுவே மேல் என்றார். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அவர் ருசி பார்க்கக் கொடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அறையில் என் பைக்குள் இருந்த வட்டப் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மூட்டை சோயாவும் நானும் தோட்டத்துக்குத் திரும்பி வந்தோம். பிள்ளைக் காம்பராவில் ஆயாதான் எனக்குத் துணை. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், ஆனால் கை வேலை சுத்தம். முதல் நாள் ஊறவைத்தோம். மறுநாள் தோலைக் கசக்கி எடுத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். சோயாவின் பச்சை வாடை காம்பரா முழுக்க ஏறி, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. பாலில் எலுமிச்சம் புளியைப் பிழிந்ததும் அது திரிந்து நின்றது. துணியில் முடிந்து, மேலே கல்லை ஏற்றி வைத்தோம். மாலையில் பிரித்தால் வெள்ளையாக ஒரு கட்டி.

"வெத்தலைக்குத் தடவலாம் போல இருக்கு," என்றாள் ஆயா.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் முன்னால் அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். உண்மையான சீஸில் இது இது கெடுதல், இதில் இது இது நன்மை. கடைசி வரியில்தான் அந்தக் கேள்வி வந்தது. சீஸ் இங்கே இல்லை, டவுனில் இருக்கும் என்றேன்.

"ஒண்ண விட ஒண்ணு நல்லதுன்னா ரெண்டையும் வச்சுத்தானுங்களே பாக்கணும். மாப்பிள்ளைய காட்டாம, அவனுக்குத் தம்பி இவன்தான் நல்லவன்னா எப்படிங்க?" என்றாள் முன்வரிசையில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் சிவப்புக்குக் காரணம்.

அந்த வகுப்பின் பெயர்ப்பட்டியலில் இருபத்தேழாவது பெயர் ஒரு சின்னப் பெண்ணுடையது. இருபத்திரண்டு வயதிருக்கும். வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்திய வருஷம் முதல் குழந்தையை ஏழாம் மாதத்தில் இழந்திருந்தாள். உயிரில்லாமல் பிறந்தது. அதன் பிறகு அவள் மாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தாள்: அடுத்த பிள்ளை பிறந்து அதன் சத்தம் காதில் கேட்கும்வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்று. கருவாட்டுச் சட்டியைக்கூடப் புருஷன் தனியாகக் கழுவி வைக்க வேண்டும். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள்.

தோட்டத்து மருந்துக்காரரை எல்லோரும் டாக்டரையா என்றுதான் சொல்வார்கள். அவர் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ஈரல், முட்டை என்று சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியானால் ரத்த மாத்திரையையாவது முழுங்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், இந்தப் புள்ளைக்கு ரத்தம் ஏறலன்னா இந்தத் தடவையும் எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீங்களும் சைவந்தானே, உங்க பேச்சத்தான் கேப்பா," என்றார். அந்தப் பொறுப்பை நான் சந்தோஷமாகத் தலையில் ஏற்றிக்கொண்டேன். பயம் பிறகுதான் வந்தது.

சோயாக் கட்டி அவளுக்குச் சரிவரவில்லை. வாயில் வைத்த உடனே வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மாத்திரையும் அப்படித்தான். முழுங்கினால் வயிறு பிரட்டுகிறது என்று, ஒவ்வொரு நாளும் மலைக்குக் கொண்டுபோய் தேயிலைச் செடியின் தூரில் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆயாதான் கண்டுபிடித்து வந்து சொன்னாள். அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த இரும்புச்சத்து முழுவதும் எட்டாம் நம்பர் மலைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நான் அவளைக் குவாட்டர்சுக்கு வரச்சொன்னேன். திட்டுவதற்காகத்தான். அவள் வந்தது நான் தேத்தண்ணீரும் முக்கோணமுமாக உட்கார்ந்திருந்த நேரம். கதவு திறந்தே இருந்தது. மறைக்க முயன்று, கை தவறி, வெள்ளித்தாள் கீழே விழுந்தது.

"அது என்னாங்க மிஸ்?"

பொய் சொல்ல நேரம் இல்லை. "சீஸ்," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எங்களுக்குப் பயத்தங்கட்டி, உங்களுக்கு இதுவா?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பு கூசியது.

ஒரு முக்கோணத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். நுனியைக் கடித்தாள். நான் வாசல் பக்கம் வழிவிட்டு நின்றேன். அவள் ஓடவில்லை. மீதியையும் தின்றாள், தாளை நக்கினாள்.

"இது பால்தானுங்களே மிஸ்? வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"பால்தான். சுத்தமான பால்."

"நீங்க சைவம். நீங்க தின்னா நானும் தின்னலாம்," என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தினமும் மாலை கொழுந்து நிறுவை முடிந்து, அவள் குவாட்டர்சின் பின்வாசலுக்கு வருவாள். நான் ஒரு முக்கோணத்தைப் பிரித்து, அதன் வயிற்றில் ரத்த மாத்திரையை அழுத்தி, மேலே பூசி மூடிக் கொடுப்பேன். மாத்திரையின் ருசியே தெரியாமல் அவள் முழுங்கிவிடுவாள். வாந்தி இல்லை. மீதி முக்கோணங்களை நான் தின்பேன். செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவில் சோயாச் சீஸின் மேன்மையைப் பற்றி அதே குரலில் பேசுவேன். அவள் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். ஊருக்கு ஒரு மருந்து, எங்கள் இருவருக்கும் வேறு மருந்து.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் சாயங்காலம் மருந்துக்காரர் என் குவாட்டர்சுக்கே நேராக வந்துவிட்டார். அவர் கத்தோலிக்கர். தவசு என்ற நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமைகளைத் தவிர மற்ற நாளெல்லாம் மாட்டிறைச்சி உண்டு என்று என்னிடம் வேண்டுமென்றே சொல்லிக்காட்டுவார். அன்றைக்குக் கேலி இல்லை.

"இமை அப்படியேதான் வெளுத்துக்கெடக்கு மிஸ். மாத்திரை முழுங்குறியான்னா, ஆமாங்க, மிஸ் வெள்ளித்தாளு பலகாரத்துக்குள்ள வச்சுக் குடுக்குறாங்கன்னு சொல்றா. அது என்னா பலகாரம்?"

பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலுல செஞ்ச எதோடயும் இந்த மாத்திரையக் குடுக்கக்கூடாது. தேத்தண்ணியோடயும் கூடாது. இரும்பு உடம்புல ஒட்டாது. அந்த சோயாவுலயாச்சும் கொஞ்சம் இரும்பு இருக்கு. அதக் குடுத்து, எலுமிச்சந்தண்ணியோட மாத்திரையக் குடுத்தீங்கன்னா ஏறும்."

அதாவது, ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல் செவ்வாய்க்கிழமைதோறும் நான் ஒப்பித்த பாடம்தான் சரி. முழு மனதோடு நம்பி ஊட்டியது பிழை. இதைச் செரித்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. அவர் அதைக் கொடுக்கவில்லை.

"அது கெடக்கட்டும்," என்று சிரிக்க ஆரம்பித்தார். "நீங்க சைவம்னு சொல்லிக்கிட்டு இதத் தின்றீங்களா? இதுல கன்னுக்குட்டி குடலுல்ல இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பால் குடிக்கிற சைவக்காரர்களைச் சீண்டுவதற்கென்றே சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக உட்கார்ந்து சொன்னார். சின்ன வயதில் அவர்கள் வீடு ஒரு மிஷன் பண்ணைக்குப் பக்கத்தில். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சீஸ் செய்வார். பால்குடி மாறாத கன்றின் இரைப்பையைக் காயவைத்துச் சமையலறையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பாராம். அதில் விரல் அளவு வெட்டி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பாலில் விட்டால்தான் பால் உறையும். "எலுமிச்சம் புளியிலயும் பால் திரியும் மிஸ். ஆனா இந்த மாதிரிச் சீஸ் வராது. ஃபேக்டரியிலயும் இதத்தான் பொடியாவோ தண்ணியாவோ விடுறாங்க."

எட்டு முக்கோணங்கள் வீதம் எத்தனை பெட்டிகள் என்று மனது கணக்குப் போடத் தொடங்கியது. போதும் என்று நிறுத்தினேன். அந்தக் கணக்கைவிட அதிகமாக உறுத்தியது, "சுத்தமான பால்" என்று நான் அவளிடம் சொன்ன குரல்.

"அவகிட்ட நான் சொல்லப்போறதில்ல," என்றார் மருந்துக்காரர், எழுந்துகொண்டே. "இந்தப் பெட்டிய நிப்பாட்டிருங்க. எலுமிச்சந்தண்ணியோட மாத்திரையக் குடுங்க. அவ்வளவுதான். நேர்த்தி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அவ மாத்திரையும் தொடமாட்டா, நம்ம ரெண்டு பேரையும் நம்பமாட்டா."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு வசதியாகவும் இருந்தது. அதனால் அப்படியே செய்தேன். மறுநாள் அவள் வந்து கையை நீட்டியபோது, "தீர்ந்துபோச்சு" என்றேன். எலுமிச்சந்தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன். அவள் இரண்டு மிடறு குடித்து, பின்வாசலைத் தாண்டி வாந்தியெடுத்தாள். அதற்கடுத்த நாளும் அதேதான். ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை போன மாதம் அது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். உள்ளே வட்டப் பெட்டி. புத்தம் புதுசு.

"அவரு ஹட்டனுக்குப் போனாருங்க. தாள காட்டி வாங்கியாரச் சொன்னேன்," என்றாள்.

"எனக்கு எதுக்கு இது?" என்றேன்.

"உங்களுக்கு இல்லீங்க மிஸ். நாளைக்கு வெள்ளிக்கெழம. ஆத்தாவுக்குப் படைக்கப்போறேன். வாந்தி நின்னது இதத் தின்ன பொறவுதானுங்களே. ஆத்தா கண்ணுல காட்டுன பால் பலகாரம் இது. ஆத்தாவுக்குக் குடுக்காம நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? தாளப் பிரிச்சு வைக்கணுமா, அப்படியே வைக்கலாமான்னு கேட்டுப் போக வந்தேன்."

இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. எட்டு முக்கோணங்களையும் வாழையிலையில் வரிசையாக வைத்து, சூடம் காட்டி, கன்றின் குடலை மாரியம்மனுக்கு ஊட்டப் போகிறாள். அதற்கு நான்தான் காரணம். பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளை மறுநாள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், எனக்குத் தெரியும்.

உட்காரச் சொன்னேன். சொல்லிவிட்டேன். மருந்துக்காரர் எனக்குச் சொன்ன மாதிரியே, காய்ந்த இரைப்பை முதல் ஃபேக்டரிவரை ஒன்றையும் விடவில்லை. தீர்ந்துபோச்சு என்றது பொய் என்றும் சொன்னேன். மாத்திரை ஒட்டாமல் போனதும் என்னால்தான் என்றேன்.

"நீங்க தெரிஞ்சு குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. சத்தியமா இல்ல."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"மூணு நாளாச்சு."

"மூணு நாளாச்சு," என்றாள் அவளும். பெட்டியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். போகும்போது படி இறங்கக் கை கொடுக்கப் போனேன். பிடித்துக்கொள்ளவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு நாட்கள் அவள் வரவில்லை. மலைக்குப் போகிறாள், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கிறாள் என்று ஆயா சொன்னாள். மாத்திரை முழுங்குகிறாளா என்று ஆயாவுக்கும் தெரியவில்லை. நான் தேத்தண்ணீரை வெறுமனே குடித்தேன். இவ்வளவு நாளும் என் சைவத்தை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இவள் ஒரு பிள்ளைக்காகக் கருவாட்டை விட்டவள். நான் எதை விட்டேன்? ஒன்றையும் விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் கூடினார்கள். அவளும் வந்தாள். நான் கட்டியை மேசைமேல் வைத்து வாயைத் திறப்பதற்குள் அவள் பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"மிஸ் நமக்கு இதக் குடுத்துட்டு, குவாட்டர்சுல வெள்ளித்தாளு சீசு தின்னாங்க. எனக்கும் குடுத்தாங்க. நானும் தின்னேன்," என்றாள்.

ஆயா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். எனக்குத் தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது.

"அதுல கன்னுக்குட்டி குடல் இருக்குன்னு அவுங்களுக்கே தெரியாது. தெரிஞ்சதும் சொல்லிட்டாங்க. மூணு நாளு லேட்டு. ஆனா நான் கேக்கல, அவுங்களாத்தான் சொன்னாங்க. நம்மகிட்ட எந்த உத்தியோகத்தரு வந்து நான் பண்ணுனது தப்புன்னு சொல்லியிருக்காங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆத்தாகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். தெரியாம நடந்துபோச்சு, புள்ளைய ஒண்ணும் பண்ணிராதன்னு. அந்தப் பெட்டிய டாக்டரையாகிட்டக் குடுத்துட்டேன். அவரு அங்கனயே நின்னு ரெண்டத் தின்னுட்டாரு."

சிரிப்பு எழுந்தது. அதில் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

"இனிமே இந்தக் கட்டிய மிஸ் மொதல்ல தின்னட்டும். நாங்க பாக்குறோம். அப்புறம் நான் தின்றேன்."

இருபத்தேழு பெண்கள் என் தாடையையே பார்த்துக்கொண்டிருக்க, நான் சோயாக் கட்டியை மென்றேன். அந்த வயதுவரை அவ்வளவு நேரம் நான் எதையும் மென்றதில்லை. முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். "நல்லா இல்ல," என்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

"அதத்தானே நாங்களும் சொன்னோம்," என்றாள் ஆயா. மறு வாரம் அவள் கட்டியைத் துண்டு போட்டு, காய்ந்த மிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு முறுகலாகப் பொரித்தாள். பயிற்சிக் குறிப்பில் அப்படி ஒன்று இல்லை. பச்சை வாடை போனது. கடைசித் துண்டுக்குச் சண்டை வந்தது. அந்தச் சின்னப் பெண் அரைத் துண்டு தின்று, கொஞ்சம் பொறுத்து, மீதியையும் தின்றாள். அன்று சாயங்காலம் குவாட்டர்சுக்கு வந்து, நான் ஒரு துண்டு தின்றதைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்று தின்று, எலுமிச்சந்தண்ணீரில் மாத்திரையை முழுங்கினாள். வெறும் வயிற்றில் வந்த வாந்தி வயிற்றில் ஏதாவது இருந்தால் வரவில்லை. தினமும் இதே சடங்கு. எனக்கு ஒரு நாளும் லீவு கிடையாது.

இப்போதும் யாராவது என்னிடம், சைவக்காரர்களுக்குச் சீஸ் நல்லதா, அதற்குப் பதிலாக வருகிற சோயாவும் முந்திரியும் நல்லதா என்று கேட்கிறார்கள். இன்றைக்குக் குடல் சேராத சீஸும் வந்துவிட்டது, பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். சோயா என்ற பெயரில் உப்பையும் எண்ணெயையும் விற்பவர்களும் இருக்கிறார்கள். யாருக்கு, எதற்காக, எதோடு என்று கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு அவளுக்கு சோயாதான் நல்லது. ருசிக்கு என்று கேட்டால், சோயா பக்கத்தில்கூட வராது. இதை அந்தக் கொழும்பு அம்மையார் முன்னாலும் சொல்வேன்.

ஏழாம் மாதம் தாண்டியது. எட்டும் தாண்டியது. மருந்துக்காரர் இமையை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் சிவந்திருக்கு," என்றார். ஒரு விடியற்காலை, பெரட்டுக் கொம்பு ஊதி முடிந்த கொஞ்ச நேரத்தில் ஆயா ஓடிவந்து, "மிஸ், பொட்டப்புள்ள. நல்லா கத்துது," என்றாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான் நடந்து போனேனா, ஓடினேனா என்று ஞாபகம் இல்லை. வாசலுக்கு வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

உள்ளே அவள் பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். பக்கத்தில் ஒரு தட்டில் அவித்த முட்டை இரண்டு, ஓட்டோடு. மருந்துக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்தார். "ரத்தம் நெறையப் போச்சு, இத உடனே தின்னச் சொல்லிட்டாரு. நேர்த்தி முடிஞ்சுச்சு. சத்தம் கேட்டுச்சுல்ல," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தின்னலாந்தானே மிஸ்? உண்மையச் சொல்லுங்க," என்றாள்.

"தின்னு," என்றேன்.

"ரெண்டு கையும் புள்ளகிட்ட இருக்கு," என்றாள்.

அதுவரை நான் முட்டையைக் கையால் தொட்டதில்லை. எங்கே தட்ட வேண்டும் என்றுகூடத் தெரியாது. கட்டில் சட்டத்தில் தட்டினேன், பலமாகத் தட்டிவிட்டேன். ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்தது. வாடை மூக்கில் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் ஒவ்வொரு துணுக்காக எடுத்தேன். "அப்படி இல்லீங்க, தோலோட சேத்து இழுங்க," என்று அவள் படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். உரித்து முடித்து, மீந்ததை அவள் வாயருகே கொண்டுபோனேன். இரண்டே வாயில் தின்று முடித்தாள். கண்ணை மூடி மென்றாள், முழுங்கினாள், மற்றதையும் உரிக்கச் சொன்னாள்.